வேன் கூரையில் சோலார்: கட்டபெட்டு மூடுபனிக்கு ஒரு கணக்கு

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய வேனை கேம்பராக மாற்றி, கட்டபெட்டுல தேயிலைத் தோட்டம் ஓரமா ரெண்டு நாள் தங்குறதா வைங்க. "கூரையில ரெண்டு பேனல் போட்டா போதும்"னுதான் எல்லாரும் ஆரம்பிப்போம். கோயம்புத்தூர் வெயிலுக்கு அது சரி. மலையில் மதியமே மூடுபனி இறங்கிடும். அதனால் மோசமான நாளை வைத்துத்தான் கணக்கு போடணும்.

1. செலவு எவ்வளவு?

எல்இடி லைட் 20 வாட், 5 மணி நேரம்: 100 வாட்-ஹவர். லேப்டாப், போன்: 150. சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 50 வாட், கம்ப்ரசர் ஓடுவது 8 மணி நேரம்: 400. தண்ணி மோட்டார்: 10. மொத்தம் 660. வழியில் 20% வீணாகும் என்று வைத்தால், 660 ÷ 0.8 = 825.

2. பேனல்

நல்ல நாளில் 4 மணி நேர முழு வெயில் என்று எடுத்தால் 825 ÷ 4 = 206 வாட். 110 வாட் பேனல் ரெண்டு போதும். பனி நாளில் அது 1 மணி நேரத்துக்குச் சமமாகக் குறைந்தால்? கைக்கு வருவது 220 × 0.8 = 176தான். 825 வாட் பேனல் போட வேன் கூரையில் இடம் இல்லை.

இந்தப் பிரச்சினை ரயிலுக்கும் உண்டு. 2017 ஜூலையில் டெல்லியில் அறிமுகமான சோலார் டெமு ரயில், சென்னை ஐசிஎஃப்-ல் தயாரானது. ஒரு பெட்டியின் கூரையில் 300 வாட் பேனல் 16. ஆனாலும் ரயிலை இழுப்பது டீசல் இன்ஜின்தான்; சோலார் லைட்டுக்கும் ஃபேனுக்கும்.

3. பேட்டரி

பனி நாளில் பற்றாக்குறை 660 − 176 = 484. ரெண்டு நாளுக்கு 968. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியில் 80% எடுத்தால் 1024. தாங்கும்! மூணாவது நாளும் பனி என்றால், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரில் இருந்து டிசி-டிசி சார்ஜர் வழியா ஏத்திக்கணும்.

ஒரு எச்சரிக்கை: இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழும். பேட்டரியை வேனுக்குள்ளே வைங்க. குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

4. ஒயரிங்

சீரிஸில் எல்லா பேனலிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். சில்வர் ஓக் நிழல் ஒன்றின் மேல் விழுந்தால் மற்றதும் அடிவாங்கும். பைபாஸ் டையோடு ஓரளவுதான் காப்பாத்தும். பேரலலில் நிழல் படாத பேனல் தன் வேலையைப் பார்க்கும். ஆனால் கரண்ட் ரெட்டிப்பு: சுமார் 18 வோல்ட், 12 ஆம்பியர்.

அதனால் ஒயர் தடிமன் முக்கியம். போக 5 மீட்டர், வர 5 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரில் 1.4 வோல்ட் இழப்பு, அதாவது 8%. 4 ஸ்கொயர் எம்எம்-ல் 0.5 வோல்ட், 3%.

பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். 20 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலருக்கு 6 ஸ்கொயர் எம்எம் ஒயரும் 25 ஆம்பியர் ஃபியூஸும். ஃபியூஸ் இல்லாமல் ஷார்ட் ஆனால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். நாம உள்ளே தூங்கிட்டிருப்போம். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்கணும், அப்புறம்தான் பேனல். கழட்டும்போது தலைகீழ்.

கிளம்பும் முன் ஒரு டெஸ்ட்: பேட்டரியை ஃபுல் சார்ஜ் பண்ணி, பேனல் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, காலேஜ் பார்க்கிங்கிலேயே ஒரு முழு நாள் எல்லா லோடையும் ஓட்டுங்க. பேட்டரி பாதிக்குப் பக்கத்தில் நின்றால் கணக்கு சரி. அதுக்கும் கீழே போனால், மலை ஏறுவதற்கு முன் லோடு லிஸ்ட்டை மறுபடி எடுங்க.