மண்ணுக்கு ஏற்ற டயர்: மலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் இளைஞருக்கு

மலைச் சைக்கிளுக்கு டயர் தேடுபவர் முதலில் படிக்க வேண்டியது பழைய டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண். 54-559 என்று இருந்தால், 54 டயரின் அகலம், 559 அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 27.5 அங்குலச் சக்கரத்துக்கு இரண்டாம் எண் 584, 29 அங்குலத்துக்கு 622. அங்குலக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாற்றம் வரலாம். 26 x 1 3/8 என்று விற்கும் சாதாரண சைக்கிள் டயரும் 26 அங்குலம்தான். அதன் விட்டமோ 590. மலைச் சைக்கிள் ரிம்மில் அது நிற்காது.

அளவு தெரிந்தபின் கேட்க வேண்டியது, சைக்கிள் எந்த மண்ணில் ஓடப்போகிறது என்பது. உதாரணமாக, சென்னை பெசன்ட் நகரில் இருப்பவரின் ஓட்டம் பெரும்பாலும் தாரில்தான். ஆறாவது அவென்யூ, அங்கிருந்து திருவான்மியூர், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. எப்போதாவது உடைந்த பாலத்தின் பக்கம் கொஞ்சம் மணலும் புதரும். வருடத்துக்கு ஓரிரு முறை ஏலகிரி, ஜவ்வாது என்று ஒரு மலை. கடையில் கண்ணைக் கவர்வது உயரமான குமிழ்கள் துருத்தி நிற்கும் டயர். ஈரமான, இளகிய மண்ணைக் கவ்வுவதற்காக வார்த்தவை அந்தக் குமிழ்கள். தாரில் அவை ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்கின்றன. மிதிக்கும் பலம் அதில் வீணாகிறது, ரப்பரும் சீக்கிரம் கரைகிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். நனைந்த தாரைத் தொடுவது குமிழ்களின் நுனி மட்டும்தான் என்பதால் வளைவில் பிடிப்பு குறைகிறது. இந்த ஊருக்கு ஏற்றது நடுவில் குமிழ்கள் தாழ்ந்து நெருங்கி, ஓரத்தில் மட்டும் சற்று உயர்ந்த டயர். அகலம் 2.0 முதல் 2.2 அங்குலம் போதும். முன்னும் பின்னும் ஒரே டயராக இருக்க வேண்டியதில்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் கீழேதான். எனவே அதிகம் பிடிக்கும் டயர் முன்னால், லேசாக உருளும் டயர் பின்னால்.

நல்ல டயரையும் கெடுப்பது காற்றின் அளவு. டயரில் பொறித்திருப்பது உச்சவரம்பு, அடிக்க வேண்டிய அளவு அல்ல. புதியவர் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கல்லென்று இறுகிய டயர் மேடுபள்ளத்தில் துள்ளுகிறது, துள்ளும்போது தரையை விடுகிறது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை ஓட்டி இறங்கியவர்களிடமிருந்து வளர்ந்ததுதான் இந்த விளையாட்டு. பருத்த டயரில் குறைந்த காற்று என்பது அன்றைக்கே இதன் அடிப்படை. சுமார் 65 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள 2.1 அங்குல டயரில், தாருக்கு 40 பிஎஸ்ஐ, செம்மண் பாதைக்கு 30 என்று தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துத் தன் அளவைக் கண்டுகொள்ளலாம். பாரம் பின்னால் அதிகம்; அங்கே இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும். மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். வெயிலும் கணக்கில் சேரும். 27 டிகிரியில் 40 அடித்த டயர் சூடேறி 57 டிகிரியை எட்டினால் அழுத்தம் ஏறக்குறைய 45 ஆகிவிடும். பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். கார் டயருக்கான அந்தக் குழாய் சைக்கிள் டியூபைச் சில நொடிகளில் வெடிக்கும் அளவுக்கு நிரப்பிவிடும்.

பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் காய்ந்த மணல் 2.1 அங்குல டயரை விழுங்கிவிடும். அலை நனைத்து இறுகிய பட்டையில் 20 பிஎஸ்ஐ அளவில் உருட்டலாம். ஹேண்டிலைத் திருகாமல், ஒரே சீராக மிதிப்பதே மணலின் வித்தை. ஆனால் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரையேறுகின்றன. முட்டை மணலுக்குள் ஏறக்குறைய 45 நாள் கிடந்து பொரிகிறது. 1988 முதல் மாணவர்கள் இரவு நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் கரை இது. ஆழமான டயர் தடம், கடலை நோக்கி ஊரும் குஞ்சுக்குத் தாண்ட முடியாத பள்ளம். அந்த மாதங்களில் சைக்கிள் சாலையிலேயே நிற்பது நல்லது.

புதர்ப் பக்கம் பஞ்சருக்குக் காரணம் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும். டயர் மாட்டும்போது அதன் பெயர் எழுத்தை வால்வுக்கு நேராக வைத்தால், டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கொண்டு டயரில் முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். முள்ளை எடுக்காமல் ஒட்டுப்போட்டால் அதே முள் மறுபடி குத்தும். டியூப் இல்லாத டயரில் ஊற்றும் லேடெக்ஸ் பால் சிறு முள் ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். சென்னை வெக்கையில் அது சீக்கிரம் காய்வதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

கடற்கரையில் ஓட்டிய அன்றே டயர், ரிம், ஸ்போக் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மொட்டைமாடி வெயிலில் நிற்கும் சைக்கிளின் டயர், ஓடாமலே பக்கவாட்டில் வெடிப்பு விடும். குமிழ் தேயாவிட்டாலும், வெடிப்பில் உள்நூல் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். பின்டயர் தேய்ந்துபோனால் புதியதை முன்னால் போட்டு, முன்னால் ஓடியதைப் பின்னுக்குத் தள்ளலாம்.