டஹாணு: கடலும் தோட்டமும் இருப்புப்பாதையும்

மும்பையிலிருந்து குஜராத் செல்லும் வண்டியில் பயணம் செய்த அன்பர்கள் 'டஹாணு ரோடு' என்ற பெயர்ப்பலகையைக் கண்டிருப்பீர்கள். ஊரின் பெயர் டஹாணு. உடன் 'ரோடு' எதற்கு? ஊர் பாதையை விட்டுத் தள்ளியிருந்து, நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே போக வேண்டியிருந்தால் அப்படிப் பெயர் வைப்பது ரயில்வேயின் பழைய வழக்கம். பழைய ஊர் மேற்கே, கழிமுகத்தின் ஓரத்தில் கோட்டையோடு இருக்கிறது. 1864-இல் இருப்புப்பாதை வந்த பிறகு நிலையத்தைச் சுற்றி இன்னொரு ஊர் வளர்ந்தது. இன்று இரண்டும் ஒரே நகராட்சி.

சர்ச்கேட்டிலிருந்து சுமார் 124 கிலோமீட்டர். பணிக்காலத்தில் பாலங்களைப் பார்வையிடப் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். அந்த வட்டாரத்தின் நில அமைப்பைத் தெரிந்துகொண்டால் அதன் பொருளாதாரம் தானே விளங்கும்.

மேற்கே கடல். காம்பே வளைகுடா வடக்கே போகப்போகக் குறுகுவதால் இந்தக் கரையில் ஓதம் மிகுதி. சென்னையில் ஏற்றவற்ற வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர்தான். டஹாணுவில் சுமார் 5 மீட்டர். இந்த நீரோட்டமே மீனவரின் முதலீடு. கடலடியில் நட்ட கம்பங்களுக்கு இடையே பை போன்ற 'டோல்' வலையைக் கட்டிவிடுவார்கள். நீரோட்டமே மீனை வலைக்குள் கொண்டு சேர்க்கும். பொம்பில் மீனை மூங்கில் பந்தலில் தொங்கவிட்டுக் காயவைப்பதைக் கரையெங்கும் காணலாம்.

அடுத்தது தோட்டம். நாம் சப்போட்டா என்றும் இங்குள்ளவர்கள் சிக்கூ என்றும் சொல்லும் பழம் இவ்வட்டாரத்தின் செல்வம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஈரானிலிருந்து குடியேறிய ஜரதுஷ்டிர மதத்தினர் பலர் இங்கே தோட்டம் வைத்தார்கள். பறித்த சில நாட்களில் பழுத்துவிடும் பழம். விரைவான போக்குவரத்து இல்லாவிட்டால் வீணாகிவிடும். அதனால் பாதையும் தோட்டமும் சேர்ந்தே வளர்ந்தன. டஹாணு கோல்வட் சிக்கூ 2016-இல் புவிசார் குறியீடு பெற்றது.

கிழக்கே மலையும் காடும். வார்லி பழங்குடியினர் வாழும் பகுதி. வார்லி ஓவியத்தை உலகறியச் செய்த ஜிவ்யா சோமா மாஷே இந்தத் தாலுகாவின் கஞ்சாட் கிராமத்தவர். தோட்டங்களில் உழைக்கும் கைகளில் பல இவர்களுடையவை. மழைக்காலம் முடிந்ததும் செங்கல் சூளைகளுக்குப் பிழைக்கப் போகும் குடும்பங்களும் உண்டு.

1991-இல் மத்திய அரசு டஹாணு தாலுகாவைச் சூழலியல் ரீதியாக எளிதில் பாதிக்கப்படும் பகுதி என அறிவித்து, தொழிற்சாலைகளுக்கான நிலத்துக்கு 500 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி, நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. கழிமுகத்தை அடுத்த 500 மெகாவாட் அனல்மின் நிலையம் புகையிலுள்ள கந்தகத்தை நீக்கும் சாதனத்தை அமைக்க வேண்டும் என்று 1999-இல் அந்த ஆணையம் உத்தரவிட்டது. சாதனம் 2007-இல்தான் வந்தது.

இப்போது கேள்வி பெரிதாகிவிட்டது. நகருக்குத் தெற்கே வாத்வண் அருகே, கரையை ஒட்டியே சுமார் 20 மீட்டர் இயற்கை ஆழம் உள்ளது. பெரிய சரக்குக் கப்பல்களுக்கு அது பொன் போன்ற வசதி. 1998-இல் துறைமுகத்துக்கு மறுப்புச் சொன்ன ஆணையம் 2023-இல் நிபந்தனைகளுடன் இசைவு தந்தது. 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடலில் 1,448 ஹெக்டேர் பரப்பைத் தூர்த்து நிலமாக்குவது திட்டம்.

வேலைவாய்ப்பு வரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாலம் கட்டியவர்களுக்கு ஒன்று தெரியும்: ஆற்றில் ஒரு தூண் நட்டாலே நீரின் போக்கு மாறும். நீரோட்டத்தையே நம்பி வலை கட்டுகிறவரிடம் அந்தக் கணக்கை முன்கூட்டியே காட்டி, இழப்புக்கு வழி சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறையான பொறியியல்.

2013 முதல் புறநகர் மின்வண்டியே டஹாணு ரோடு வரை செல்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ஓதம் வடியும் நேரம் பார்த்துக் கரையில் நின்றால், புத்தகத்தில் படிக்கும் புவியியல் கண்முன்னே விரியும்.