ஹாலோவீன் விழாவும் வண்டி நிறுத்தும் கணக்கும்



விழா என்றதும் நம் நினைவுக்கு வருவன விளக்கு, பலகாரம், புத்தாடை, கூட்டம் ஆகியவையே. வந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை விழாவின் ஒரு பகுதியாக நாம் எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை. ஆய்வின் பொருட்டு ஒரு பருவம் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, நியூயார்க் நகரத் தெரு ஒன்றில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. இயற்பியல் மாணவன் ஆதலின் அதைக் கணக்காகப் பார்த்தேன். ஆனால் அது கணக்கோடு முடிந்துவிடவில்லை. இரண்டையும் உங்கள்முன் வைக்கிறேன்.

விழாவின் வரலாறு

முதலில் ஹாலோவீன் என்பது யாது எனக் காண்போம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்ட்டிய மக்கள், கோடை கழிந்து குளிர்காலம் பிறக்கும் வேளையைப் பண்டு விழாவாகக் கொண்டாடினர். அன்றிரவு இறந்தோரின் ஆவிகள் உலவும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிறித்தவம் பரவிய பின்னர் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் ஆயிற்று. அதற்கு முந்திய மாலை என்னும் பொருளுடையதே ஹாலோவீன் என்ற பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ், ஸ்காட்டிஷ் மக்கள் இவ்விழாவையும் உடன் கொண்டு சென்றனர். சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தவர்கள், புதிய நாட்டில் பெரிதாகக் காய்த்த பரங்கிக்காயைக் கண்டதும் அதற்கு மாறிவிட்டனர்.

இன்று அச்சத்தில் பாதி போய்விட்டது, களிப்பே மிகுதி. அக்டோபர் 31 மாலையில் குழந்தைகள் பேயாகவும் பூனையாகவும் வேடமிட்டு, 'இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?' என்று வீடு வீடாகச் சென்று கேட்கின்றனர். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலோ ஒரு பெரிய ஊர்வலமே நடைபெறுகிறது. 1974-இல் ரால்ஃப் லீ என்னும் முகமூடிக் கலைஞர் இதனைத் தொடங்கினார். ஆளுயரத்தினும் பன்மடங்கு பெரிய பொம்மைகளைப் பலர் கூடித் தூக்கிக்கொண்டு ஆறாம் அவென்யூ வழியே செல்வர். வேடம் பூண்டவர் எவராயினும் ஊர்வலத்தில் சேரலாம். சாண்டி புயல் வீசிய 2012-இலும், கொரோனா தொற்று பரவிய 2020-இலும் ஊர்வலம் நடைபெறவில்லை.

நாங்கள் சென்ற கதை

2024-இல் அக்டோபர் 31 அன்றே தீபாவளியும் வந்தது. நியூஜெர்சியில் உள்ள சித்தப்பா வீட்டில் காலையில் எண்ணெய்க் குளியலும் இட்லியும் ஆயிற்று. புதுப் பட்டுப்பாவாடையில் வீடெங்கும் ஓடித் திரிந்த என் ஆறு வயதுத் தங்கை, மாலையில் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்தி வௌவால் ஆகிவிட்டாள். சித்தப்பா, சித்தி, தங்கை, நான் நால்வரும் காரில் புறப்பட்டோம். ஹாலண்ட் சுரங்கப்பாதை வழியே மன்ஹாட்டனுள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அதன்பின் தொடங்கிற்று எங்கள் தேடல். ஊர்வலம் போகும் வழியை ஒட்டிய தெருக்களை அடைத்திருந்தார்கள். கட்டணம் வாங்கும் நிறுத்தகம் ஒன்றின் வாசலில் ஐம்பது டாலர் என்றது பலகை. "கொள்ளையாக இருக்கிறதே! தெருவோரம் கிடைக்காமலா போகும்?" என்றார் சித்தப்பா. ஓரிடம் காலியாகத் தெரிந்தது. அருகிலோ தீயணைப்புக் குழாய் நின்றது. அக்குழாயிலிருந்து 15 அடிக்குள் வண்டி நிறுத்துவது அந்நகரில் குற்றம். இன்னோர் இடம் கிடைத்ததென மகிழ்ந்தோம். எங்கள் கார் அதனினும் இரண்டு சாண் நீளமாக இருந்தது. அரை மணிக்கு மேலாக அதே தெருக்களைச் சுற்றினோம்.

அப்பொழுது நான்தான் கூவினேன்: "சித்தப்பா, இடப்பக்கம் ஒருவர் வண்டி எடுக்கிறார்!"

"எங்கேடா?" என்று அவர் இடப்பக்கம் திரும்பினார். நானும் அங்கேயே பார்த்திருந்தேன்.

"ஐயோ, குழந்தை!" என்று அலறினாள் சித்தி.

வலப்பக்கம் நின்ற இரு கார்களுக்கிடையே இருந்து கறுப்பு அங்கி அணிந்த சிறுவன் ஒருவன் ஓடி வந்திருந்தான். சித்தப்பா பிரேக்கை மிதித்தார். கார் நின்றபோது அவனுக்கும் காருக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. அவன் கைப்பை கவிழ்ந்து மிட்டாய்கள் சாலையில் சிதறின. தாய் ஓடி வந்து அவனை வாரிக்கொண்டாள். அவள் எங்களை ஏசவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

தெருவில் இடம் கிடைக்காததற்கு நாங்கள் எங்கள் அதிர்ஷ்டத்தை நொந்தோம். உண்மையில் அது அதிர்ஷ்டம் அன்று. ஒரு தெருவில் 100-க்கு 85 இடங்கள் நிறைந்திருப்பதாகக் கொள்வோம். ஓர் இடம் காலியாக இருக்கும் வாய்ப்பு 100-க்கு 15. ஆகவே சராசரியாக ஏழாவது இடத்தை அடையும்போது ஒன்று கிடைத்துவிடும். 95 நிறைந்தால் 20 இடங்களைக் கடக்க வேண்டும். 99 நிறைந்தாலோ 100 இடங்களைக் கடக்க வேண்டும்! 95-க்கும் 99-க்கும் வேறுபாடு நான்குதான். தேடும் தொலைவோ ஐந்து மடங்கு. ஓர் இடத்துக்கு 6 மீட்டர் எனக் கொண்டால், 40 மீட்டரில் முடிந்திருக்க வேண்டிய தேடல் 600 மீட்டர் ஆகிவிடுகிறது. விழா இரவில் நகரம் இருப்பது இந்தக் கடைசிப் படியில்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர் ஆல்ஃபிரட் ரெனி 1958-இல் ஒரு வினாவை ஆராய்ந்தார். கோடு போட்டு இடம் பிரிக்காத நீண்ட தெருவில், ஒரே நீளமுள்ள கார்கள் ஒவ்வொன்றாக வந்து, இடம் கொள்ளும் ஏதேனும் ஓரிடத்தில் மனம்போல் நின்றால், இனி ஒரு காருக்கும் இடமில்லை என்னும்போது தெருவின் எத்தனை பங்கு நிறைந்திருக்கும்? விடை: 0.7476. அதாவது கால் பங்கு வீண்! 20 கார்கள் நிற்கக்கூடிய தெருவில் சராசரியாக 15 கார்களே நிற்கும். எங்கள் காருக்கு இரண்டு சாண் குறைந்த அந்த இடைவெளி இக்கால் பங்கைச் சேர்ந்ததுதான்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் இதன் விலையை மதிப்பிட்டார். அந்நகரின் வெஸ்ட்வுட் பகுதியில் 15 தெருக்கட்டங்களுக்குள் இடம் தேடிச் சுற்றும் கார்கள் ஓராண்டில் ஓடும் தொலைவு மட்டும் ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் எனக் கண்டார். பூமியை 38 முறை சுற்றி வரலாம்! தெருவோரக் கட்டணம் மிகக் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம் என்றார் அவர். எப்பொழுதும் ஒன்றிரண்டு இடங்கள் காலியாக இருக்குமாறு கட்டணத்தை அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011-இல், தேவைக்கேற்பக் கட்டணத்தை ஏற்றியும் இறக்கியும் இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. ஒரு மணிக்கு ஐந்து சென்ட் என்ற கணக்கில் ஓக்லஹோமா நகரில் 1935-இல் நட்ட முதல் நிறுத்தக் கட்டணக் கருவியின் நோக்கமும், ஒரே வண்டி நாள் முழுதும் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் தடுப்பதே.

கணக்கில் வராத ஒன்று

நிற்க. இக்கணக்குகளில் மீட்டர் உண்டு, நிமிடம் உண்டு, டாலரும் உண்டு. அந்தச் சிறுவன் இல்லை.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது ஊர்ந்து செல்லும் வேகமே. ஆனால் அவ்வேகத்தில் இரண்டு விநாடி ஓரத்தைப் பார்த்தால், கார் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. இரண்டு கார் நீளம் நாம் குருடராய்ச் செல்கிறோம். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் சாலை இறப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையை ஒரு வாரம் முந்திய மாலையோடும் ஒரு வாரம் பிந்திய மாலையோடும் ஒப்பிட்டது. நடந்து செல்வோர் வண்டி மோதி இறக்கும் வாய்ப்பு ஹாலோவீன் மாலையில் 43 விழுக்காடு மிகுதி என்று கண்டது. நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கோ அது பத்து மடங்கு! மாலை ஆறு மணியை ஒட்டிய நேரமே மிகவும் கொடியது. அதுதான் இருள் கவியும் வேளை. குழந்தைகள் கறுப்பு உடுத்தித் தெருவில் இறங்கும் வேளை. நாங்கள் இடம் தேடியதும் அவ்வேளையில்தான்.

என்ன செய்யலாம்?

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லும் தோழர்கள் பலர் இவ்விழாவைக் காண்பீர்கள். காண வேண்டிய விழாவே அது. வண்டியை நகரின் வெளியே நிறுத்திவிட்டு ரயிலில் செல்லுங்கள். காரில்தான் செல்ல வேண்டுமெனில், நிறுத்தகத்தில் முன்னதாகவே இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். தெருவோரத்தில் தேட நேர்ந்தால், தேடும் கண்ணும் ஓட்டும் கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டாம். உடன் வருபவர் தேடட்டும். ஆனால் என்னைப்போல் கூவ வேண்டாம். கார் நின்ற பிறகு சொல்லட்டும். குழந்தைகளின் கறுப்பு உடையில் ஒளி எதிரொளிக்கும் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். கையில் ஒரு விளக்கும் கொடுங்கள்.

அன்று சித்தப்பா அதன்பின் இடம் தேடவில்லை. சுரங்கப்பாதை வழியே திரும்பி, ஜெர்சி சிட்டியில் ஒரு கட்டண நிறுத்தகத்தில் காரை விட்டார். ரயிலேறி 33-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினோம். என் கைபேசி விளக்கை ஏற்றித் தங்கையின் கையில் கொடுத்தேன். ஊர்வலத்தின் வால்பகுதியைத்தான் கண்டோம். பெரிய எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று அசைந்து அசைந்து போயிற்று. தங்கை கைகொட்டிச் சிரித்தாள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "ஐம்பது டாலரை மிச்சம் பிடிக்கப் பார்த்தேனடா" என்றார் மெதுவாக.

நான் விடை சொல்லவில்லை. இடம் காட்டிய விரல் என்னுடையதல்லவா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் பல குடும்பங்கள் கார்களில் வருகின்றன. குழந்தைகள் அரங்கின் வெளியே ஓடியாடுகின்றனர். இவ்வாண்டு வண்டிகளை வாயிலருகே உள்ள திடலிலேயே நிறுத்தச் செய்து, அரங்கத்துச் சாலையைக் குழந்தைகளுக்கு விட்டுவிடலாம் என்பது செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். வாயிலில் நின்று வழிகாட்டும் பணிக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.