குரலைப் பதிவு செய்தால் போதுமா?

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இயங்குகிறது. ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை அங்கே இன்றும் தேடிக் கேட்கலாம். பதிவோடு நிற்காமல், விவரம் எழுதி, பட்டியல் போட்டு வைத்ததால்தான் அது முடிகிறது.

நம்ம கைப்பேசிகளிலும் தாத்தா பாட்டி பேச்சு கிடக்கிறது. ஆனா யார் பேசினது, எந்தத் தோட்டம்னு கேட்டா பதில் இருக்காது. விவரம் இல்லாத பதிவைப் பாதி தொலைந்ததாகவே நான் கருதுகிறேன்.

இளைஞர்களே, நான்கு வேலைகள் போதும்.

1. அனுமதி: யார் கேட்கலாம், எதை வெளியிடக் கூடாது என்று பேசியவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. விவரம்: பெயர், பிறந்த ஆண்டு, ஊர், பதிவு செய்த தேதி, கேள்வி கேட்டவர்.

3. பட்டியல்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி, என்ன பேசினார் என்று. 'பெரட்டு', 'ஆயாக் கொட்டகை' என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்க, திருத்தாதீங்க. விளக்கத்தைத் தனியாகப் போடுங்கள்.

4. நகல்: மூலக் கோப்பை வெட்டாமல், மூன்று பிரதி, ஒன்றாவது வேறு இடத்தில்.

சயாம் மரண ரயில் பாதை போட்டது 1942-43இல். நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று வெகு சிலரே. அவர்கள் பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே முதல் வரியை எழுதுங்கள்.