கூட்டத்தில் எழுந்து பேசும் பயம்

காணி பற்றியும் வீடு பற்றியும் பேசுவதற்குப் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைக்கிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெரியவர்கள், "நமக்கு எங்க சாமி பேச வரும்? படிச்ச புள்ள பேசட்டும்" என்று பின்வரிசையில் அமர்ந்துவிடுகிறார்கள். படித்த பிள்ளையோ வாய் திறப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கும் கல்வியியல் கல்லூரிக்கும் போகும் பிள்ளைகளே, "எழும்பி நின்னா தொண்டை அடைக்குது" என்கிறார்கள். சிங்களத்தில் பிழை விட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

படிப்பு ஏறினால் இந்தப் பயம் தானாக இறங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். காந்தியடிகளின் மாணவப் பருவத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1888இல் சட்டம் படிக்க இலண்டனுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 18. அங்கே மரக்கறி உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தும் கூட்டங்களில் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை தம் கருத்தை எழுதிக்கொண்டு போனார். வாசிக்கத் தைரியம் வராமல் வேறொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. வென்ற்னர் என்ற ஊரில் ஒரே தாளில் எழுதிய பேச்சோடு எழுந்தபோது கண் மங்கி உடல் நடுங்கியது. 1891இல் ஊர் திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். தயாரித்திருந்த பேச்சு முதல் வாக்கியத்தோடு நின்றுபோக, நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்தார். பாரிஸ்டரான பிறகும் இதே கதைதான். பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், தலை சுற்றி அமர்ந்து, வாங்கிய 30 ரூபா கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

1893இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் நடந்தது வேறு. அங்குள்ள இந்தியர்களை ஒரு வியாபாரியின் வீட்டில் கூட்டி, வியாபாரத்தில் உண்மை, சுத்தம், ஒற்றுமை பற்றிப் பேசினார். தங்கள் கஷ்டங்களை அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்றார். அதையே தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று பின்னர் எழுதினார். தொண்டை அதே தொண்டைதான். ஆனால் விடயத்தை நன்கு அறிந்து போயிருந்தார், கேட்டவர்கள் தம்மவர்கள், பேச்சுக்குப் பின் செய்ய வேலையும் இருந்தது. பயத்தைத் தள்ளிவைத்தவை இவையே என்பது நம் எண்ணம். (அவரே 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து பதுளையிலும் பேசினார்.)

நமக்கு இது மேடை அலங்காரத்துக்கான கலை இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. சனங்கள் ஏன் போகவில்லை என்று கேட்பது சுலபம். வேறு காணி இல்லாமல் எங்கே போவது? "எந்தக் காணி, எப்போது, யார் பெயரில்?" என்று எழுந்து கேட்கவும், பதில் வரும்வரை மறுபடி கேட்கவும் ஆள் வேண்டும்.

ஆகவே வீட்டிலேயே தொடங்குங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எந்த லயத்தில் இருந்தீர்கள், எப்போதிருந்து தற்காலிக இடத்தில் இருக்கிறீர்கள், கேட்பது என்ன என்பதைப் பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும். முதலில் அப்பாயிக்கு வாசித்துக் காட்டட்டும். அவருக்கு விளங்காத சொல்லை மாற்றுங்கள். அடுத்ததாக மாதர் சங்கத்தில் நாலு பேர் முன் சொல்லட்டும், கடைசியில் செயலகத்தில். தாளைப் பார்த்து வாசிப்பதில் வெட்கமில்லை. தமிழிலேயே பேசலாம்: 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை எழும்பும்போது இரண்டு பேர் பக்கத்தில் எழும்பி நில்லுங்கள். வார்த்தை தடுக்கினால் நீங்கள் குறுக்கிடாமல் பொறுத்திருங்கள். மூச்சு வாங்கிவிட்டு அவளே தொடருவாள். கூட்டம் முடிந்ததும் அதிகாரி சொன்ன பதிலையும் திகதியையும் அதே தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதிலிருந்து வரட்டும்.