சின்ன வெங்காயமும் சாய்தளமும்

தலைநகரில் பயிலும் தமிழ் மாணவர்க்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் நெத்திலியும் நாம் நாடிச் செல்லும் இடம் அது. கடைக்காரரே தமிழில் விலை சொல்லும்போது, ஊரை விட்டு வந்த ஏக்கம் பாதி தீர்ந்துவிடுகிறது. ஆனால் நம்முள் சிலருக்கு அந்த இன்பம் கிட்டுவதில்லை.

சக்கர நாற்காலியில் வரும் நம் சங்க நண்பரொருவரை எண்ணிப் பாருங்கள். வடக்கு வளாகத்தருகே விசுவவித்யாலயா நிலையத்தில் மின்தூக்கியில் இறங்குகிறார், மஞ்சள் தடத்தில் ஏறுகிறார், ஐ.என்.ஏ. நிலையத்தில் மீண்டும் மின்தூக்கியில் மேலே வருகிறார். இதுவரை எவர் தோளும் அவருக்குத் தேவைப்படவில்லை. பார்வையற்ற நண்பருக்கும் நிலையத்தின் தரையில் வழிகாட்டும் ஓடுகள் உண்டு. நீள வரிகள் "நட" என்கின்றன. புள்ளிகள் "நில், கவனி" என்கின்றன. ஜப்பானியரான செய்ச்சி மியாக்கே கண்ட முறை அது. 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதல் பதிக்கப்பட்டது. மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. குறுகிய சந்துகள், மீன்கடை ஈரம், வழியில் இறக்கி வைத்த மூட்டைகள், கடை வாசற்படிகள்!

"அவர் ஏன் வரவேண்டும்? பட்டியல் கொடுத்தால் வாங்கி வரமாட்டோமா?" என்று கேட்கும் நல்லுள்ளங்கள் நம்மிடையே உண்டு. அன்பாற் கேட்கும் கேள்விதான். எனினும் கருணைக் கிழங்கைத் தட்டிப் பார்த்துத் தாமே பொறுக்குவதும், பேரம் பேசுவதும், திரும்பும் வழியில் அரட்டையடிப்பதும் பட்டியலில் அடங்குமோ?

பல்கலைக் கழகத்தின் கதையும் இதுவே. 1995ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிலையங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் அதை 5 விழுக்காடாக்கியது. குறைபாட்டு வகைகளும் 7இலிருந்து 21 ஆயின. தில்லிப் பல்கலைக் கழகம் 2006இலேயே சமவாய்ப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பளித்தது. கை பிடிப்பு நோயால் எழுத இயலாத தேர்வருக்கு, குறைபாடு 40 விழுக்காடு என்ற அளவை எட்டாவிட்டாலும், எழுத்துதவியாளர் கேட்கும் உரிமை உண்டு என்றது. உதவி தேவையா என்பதே கேள்வி, சதவீதக் கணக்கன்று.

இடம் கிடைத்துவிடுகிறது, அதன் பிறகுதான் படிகள் தொடங்குகின்றன. அறிவியல் மாணவனாகிய எனக்கு இது நன்கு விளங்குகிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். ஆனால் பென்சீன் வளையத்தையும் தொகையீட்டையும் வாயாற் சொல்லி, அப்பாடம் அறியாத ஒருவரைக் கொண்டு எழுதுவிப்பது எளிதன்று. அதனாலேயே பார்வையற்றோர்க்கு அறிவியல் ஆகாது என்று பலகாலம் சொல்லி வந்தனர். இம்மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமகிருஷ்ணபுரத்துப் பள்ளியில் பயின்ற கார்த்திக் சாஹ்னி அதை ஏற்கவில்லை. மத்தியக் கல்வி வாரியத்திடம் பலமுறை வேண்டி அறிவியற் பிரிவில் சேர்ந்தார். உரக்கப் படித்துக் காட்டும் கணிப்பொறியின் துணையோடு கற்றுத் தேறி, 2013இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகம் சென்றார். நம் நாட்டுக் கல்லூரி ஒன்று அவரைப் பெற்றிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

சாய்தளமோ எளிய பௌதிகம். ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. நண்பரும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால், அத்தளத்தில் ஏற்ற வேண்டிய விசை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏழரைக் கிலோ எடைக்குச் சமம். ஓர் அரிசிப் பையின் கனம்! அரையடிப் படிக்கு இரண்டடிப் பலகையைப் போட்டுவிட்டு, "சாய்தளம் வைத்தாயிற்று" என்று பெயர் பண்ணினால் அதுவே இருபத்திரண்டரைக் கிலோவாகிறது. நாற்காலி பின்னால் சாயவும் கூடும். இப்படிப் பெயருக்கு அமைந்த சாய்தளங்களைக் கட்டடங்கள் பலவற்றில் காண்கிறோம். 2001 ஜனவரியில் பேரறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது, குதுப் மினார் முதலிய இடங்களில் அவருக்காக மரச் சாய்தளங்கள் அமைத்தார்கள். சில நாளில் செய்ய முடிந்த வேலைதான் அது. ஹாக்கிங் அல்லாதவர்க்கும் படி அதே உயரம்தானே?

பொங்கல் விழாவுக்குச் சாமான் வாங்க நம் சங்கம் ஐ.என்.ஏ. செல்வது வழக்கம். இம்முறை போகும் நாளை எல்லோரையும் கேட்டு, நெரிசல் குறைந்த வேளையாகப் பார்த்து வைப்போம். பார்வையற்ற நண்பருடன் செல்பவர் அவர் கையைப் பற்றி இழுக்க வேண்டாம். தம் முழங்கையை அவர் பிடித்துக் கொள்ளும்படி அரையடி முன்னே நடந்தால் போதும். மார்க்கெட்டின் சந்துகளை நம்மால் அகலப்படுத்த முடியாது. ஆனால் அரையடிப் படிக்கு ஆறடிப் பலகை போதும் என்று கணக்குச் சொல்கிறது. நடுவில் கீல் வைத்து மடிக்கும்படி ஒரு தச்சரிடம் செய்யச் சொன்னால் மூன்றடியாகிவிடும். மெட்ரோவில் இருவர் தூக்கி வரலாம். விழா முடிந்ததும் சங்க அறையில், கோலப்பொடி டப்பாக்களுக்குப் பின்னால், சுவரோரம் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.