பெட்டியில் வந்த நாடா

அன்புள்ள வாசகருக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாண ஆல்பம் போடும் கடை வைத்திருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் பென்டிரைவில் டிசைன் சாப்ட்வேர் கொண்டுவந்து தந்திருக்கிறார். இன்னும் விற்பனைக்கே வராத வெர்ஷன், அதுவும் கிராக் செய்தது. "கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிக்கு என் ஒரு காப்பியால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு உபதேசம் செய்யும் அருகதை எனக்கில்லை. சென்னை ரிச்சி தெருவில், மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய சிடிகளைப் பேரம் பேசி வாங்கியவன் நான். ஆகவே ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டையை மட்டும் சொல்கிறேன். அதில் உங்கள் கேள்வி அப்படியே இருக்கிறது.

1975 ஜனவரியில் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. கிட்டாக வரும், வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். கூட வந்த நினைவகம் 256 பைட். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்க ஸ்விட்சுகளைத் தட்டித் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பேச்சு கற்றுக்கொடுக்க பேசிக் என்ற நிரல் மொழியை அதில் ஓடும்படி எழுதித் தந்தவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். கணக்குப் பகுதியை எழுதியவர் மான்டி டேவிடாஃப்.

அந்த ஜூன் மாதம் ஆல்டேரைத் தயாரித்த மிட்ஸ் கம்பெனி, பாலோ ஆல்டோவில் ஒரு ஹோட்டலில் கண்காட்சி வைத்தது. மேடையில் ஓடியது இன்னும் வெளியாகாத பேசிக். காகித நாடாவில் துளைபோட்டு வைத்திருந்தார்கள். அந்த நாடாக்களில் ஒன்று அன்று காணாமல் போனது. பிறகு கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கூடும் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்துக்கு அதன் நகல்கள் ஒரு பெட்டி நிறைய வந்து சேர்ந்தன. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு நாடா எடுத்துக்கொள்பவர் அடுத்த கூட்டத்துக்கு இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கந்துவட்டி கெட்டது போங்கள்!

அந்தக் கிளப்காரர்களை வெறும் திருடர்கள் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பேசிக்குக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விலையிலும் ஒரு சூது இருந்தது. மிட்ஸின் நினைவக போர்டையும் சேர்த்து வாங்கினால் பேசிக் 60, 75 டாலருக்குக் கிடைக்கும். தனியாகக் கேட்டால் 500 டாலர். ஆல்டேர் கிட்டே 400 டாலருக்குள்தான். அந்த போர்டோ சரியாக வேலை செய்யாது. நல்ல பொருளைக் காட்டி ஓட்டைப் பொருளைத் தலையில் கட்டுகிற பழைய வியாபாரம்தான் அது.

1976 பிப்ரவரி 3 அன்று கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதம்கூட பேசிக்கை விலைக்கு வாங்கவில்லை, நாங்கள் உழைத்த நேரத்துக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை, செலவான கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல் என்று கணக்குச் சொன்னார். கிளப்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர் நேரக் கணக்குச் சொன்ன கம்ப்யூட்டர் ஹார்வர்டில் இருந்தது, ராணுவத் துறைப் பணத்தில் ஓடியது. பேசிக் மொழியும் இவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கியது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் என் தீர்ப்பு கேட்ஸ் பக்கம்தான், அதுவும் நாடா விஷயத்தில் மட்டும். விலை அநியாயம் என்றால் வாங்காமல் இருக்கலாம், ஊரைக் கூட்டித் திட்டலாம். அந்த நாடாவில் இருந்ததோ பிழை திருத்தி முடிக்காத வேலை. நீங்கள் கலர் கரெக்ஷன் செய்யாத ஆல்பத்தை யாரோ கடையிலிருந்து தூக்கிப்போய்ச் சொந்தக்காரர்களிடம் காட்டினால் எப்படி இருக்கும்? பொண்ணு முகம் ஏன் பச்சையடிக்கிறது என்று உங்களைத்தானே கேட்பார்கள்!

அந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தவர்கள் வேறு சிலர். காப்பியும் அடிக்காமல், 500 டாலரும் கொடுக்காமல், நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தவர்கள். டென்னிஸ் அல்லிசன் என்பவர் சின்னதாக ஒரு பேசிக் எப்படி இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் வரைந்து காட்டினார். டைனி பேசிக் என்று பெயர். ஆளுக்கு ஒரு விதமாக எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். டாம் பிட்மேன் தான் எழுதியதை 5 டாலருக்கு விற்றார். அந்த விலைக்கு நாடாவைத் தேடிப் பிடித்து நகல் எடுக்கிற சிரமம் எதற்கு என்று ஜனங்கள் பணத்தையே அனுப்பினார்கள். லீ சென் வாங் தன்னுடைய வெர்ஷனின் தலைப்பில் 'காப்பிலெஃப்ட்' என்று எழுதி வைத்தார். காப்பிரைட்டைக் கேலி செய்த அந்தச் சொல், பின்னாளில் இலவச மென்பொருள் இயக்கத்தின் கொடியாகவே ஆனது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-லேயே கம்ப்யூட்டர் நிரல்களைச் சேர்த்துவிட்டார்கள். 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வீட்டில் பொழுதுபோக்குக்கு வைத்திருப்பவரிடம் நீதிமன்றம் கொஞ்சம் இளகலாம், சிறையை விட்டுவிடலாம். உங்களுடையது தொழில்.

சட்டத்தைவிட எனக்குப் பயம் தருவது அந்த கிராக் ஃபைல். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ரன் பண்ணச் சொல்லியிருப்பார்களே? வீட்டுப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு ஆள் முகம் பார்க்காமல் உள்ளே விடுவது போலத்தான். அதே கம்ப்யூட்டரில் ஊர்க் கல்யாணப் படமெல்லாம் இருக்கிறது. போதாக்குறைக்கு, வெளிவராத வெர்ஷனில் சேமித்த ஃபைலை நாளை வரும் ஒழுங்கான வெர்ஷன் திறக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அதற்குப் பதிலாக கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்ற டிசைன் சாப்ட்வேர்கள் இருக்கின்றன; மூன்றும் இலவசம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பொய் சொல்லமாட்டேன்; பழகிய ஷார்ட்கட் கீ ஒன்றும் கை கொடுக்காது. அச்சுக்குப் போகும் சிஎம்ஒய்கே பிடிஎஃப் வேலைக்கு ஸ்கிரைபஸை வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை வேலைக்குத் தமிழ் எழுத்துரு வேண்டுமென்றால் மீரா இனிமை, முக்தா மலர் இருக்கின்றன. இரண்டையும் காசில்லாமல், சட்டப்படியே அச்சில் பயன்படுத்தலாம். இவற்றில் முடியாத வேலை ஏதாவது இருந்தால், முகூர்த்த மாதங்களுக்கு மட்டும் விலைச் சாப்ட்வேருக்கு மாதச் சந்தா கட்டுங்கள். ஆல்பம் விலையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரைபஸில் எங்கே சிக்கினாலும் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்